எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்த நகல்

பட்டாளத்திலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் தெருமுனையிலேயே ‘பாப்பா’ என்று குரல் கொடுத்துக்கொண்டு வரும் என் அண்ணே,

நீ போய் இது ஐந்தாவது மாதம். பருத்தி எடுத்து முடித்துவிட்டோம். உன் மோட்டார் பைக்கை மதினி விற்கவில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, வாசலில் கொஞ்ச நேரம் உறும விட்டு அணைத்துவிடுகிறாள். முதல் வாரம் தெருவே எட்டிப் பார்த்தது, இப்போது யாரும் திரும்புவதில்லை.

இதை ஊரறிய எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் நான் செய்த தப்பை இன்னும் எத்தனை பட்டாளத்து வீடுகளில் செய்துகொண்டிருக்கிறார்களோ. உன் பேரும் நம் ஊர்ப் பேரும் போடவில்லை. மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். “எழுது, இனிமே தெரியாதவுக யாரு இருக்கா” என்றாள்.

எழுமலை பஸ்ஸில் வைத்து நீ என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். “நாப்பது நாளு கோர்ஸுன்னு ஒன் மதினிட்டச் சொன்னேன்ல, அது கோர்ஸ் இல்ல பாப்பா. மிலிட்டரி ஆஸ்பத்திரியில குடிய நிப்பாட்டுற வார்டுல இருந்தேன். ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்.” ஒனக்கு மட்டுந்தான் என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. மிலிட்டரிக்காரன் வீட்டில் கேண்டீன் சரக்கு இல்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘வயித்துல புண்ணு’ என்று பதில் சொன்னது நான்தான்.

பக்கத்துக் கட்டில்காரனுக்குக்கூட உன் ஊர் தெரியாது என்றாய். அவரவர் மொழியில் மனசில் இருப்பதை எழுதச் சொன்னாராம் டாக்டர். ஆறு நாள், ஆறு தாள். கடைசி நாள் அதை உன் கையிலேயே கொடுத்து, “இது ஃபைலில் போகாது, உங்களுடையது, எரித்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி” என்றாராம். மற்ற சிகிச்சைக் காகிதங்களையும் வைத்தியம் பார்த்தவர்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது என்றாராம். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அண்ணே. பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எழுத்து வெளியே வரவில்லை.

வந்தது என் கையிலிருந்து.

மதினிக்குக் குடும்பப் பென்ஷன் எழுத மதுரை ஆபீஸுக்குப் போனோம். இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக், ரேஷன் கார்டு, எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் என்றார்கள். வைத்தியக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள். ஒரு நகல் குறைந்தால் ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பும் ஆபீஸ்களில் பழகியவள். உன் டிரங்குப் பெட்டியில் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று அதையும் மஞ்சள் பைக்குள் போட்டேன்.

பேரையூர் ஜெராக்ஸ் கடையில் உறையைப் பிரித்து, பார்க்காமலே தாள் தாளாக நீட்டிக்கொண்டு வந்தவள், கடைசியில்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதற்குள் கடைக்காரர் முதல் ஐந்து தாளை எடுத்துவிட்டார். எல்லாம் கோணலாக, ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்து வந்திருந்தன. “ஒரு நிமிசம்க்கா, நேரா எடுத்துத் தாரேன்” என்றார். ஆறாவது தாள் என் கையில் இருந்தது. நின்றபடியே படித்தேன்.

‘பையனுக்குக் காய்ச்சல் முற்றி மதுரைக்குக் கொண்டுபோன அன்று அவள் போன் அடித்தாள். நான் குடித்திருந்தேன். மணி அடிப்பது கேட்டது. எடுக்கவில்லை. எல்லையில் நின்றேன், டவர் இல்லை என்று அவளிடம் சொன்னேன். இன்றைக்கும் அவள் அதை நம்புகிறாள்.’

உன் ஒரே பிள்ளை அண்ணே. நாலு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தவள். அப்போது எல்லையைத் திட்டினேன், டவரைத் திட்டினேன். பேரையூரில் அந்தத் தாளை நாலாக மடித்தேன். நேராக எடுக்கவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று மூலத்தை எல்லாம் பைக்குள் திணித்தேன். “இந்தக் கோணல் காப்பி வேணுமாக்கா?” என்றார். “வேணாம்ணே, நீங்களே போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மளிகைக் கடையில் நிற்கும்போது சுவரில் பல்லி கத்தியது. கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஒங்க அண்ணே இருந்தா பல்லிய வச்சே அன்னைக்குப் பொழுத முடிவு பண்ணிருவாரு” என்றார். நீ பல்லியைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, “கண்ணாடி டம்ளரு பல்லுல கடகடன்னு தட்டுமாம்ல, அதுனாலதான சில்வர் டம்ளராவே கேப்பாக” என்றாள். சுற்றி நின்றவர்கள் பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. “தெரியல, நீங்கதான் சொன்னீகளோ” என்றாள். பட்டப்பகலில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள், இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மதினி கோடாங்கியிடம் குறி கேட்கப் போகவேண்டும் என்றாள். செத்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் உடுக்கை அடித்துச் சொல்வாரே, அவரிடம்தான். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கும் அரைகுறைதான். துணைக்குப் போனேன்.

வேப்பமரத்து நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்த நேரம். உடுக்கை ஏறி இறங்கி நின்றது. அவர் கண் செருகியது. பிறகு பேசினார். குரல் அவருடையதுதான், ஆனால் பேச்சு உன்னுடையது.

“இரும்புக் கட்டிலு. எதுத்த செவுத்துல பல்லி. நகந்துச்சுன்னா இன்னைக்குக் குடிக்க மாட்டேன். நகராட்டி குடிச்சிருவேன். காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அது நகர மாட்டேங்குது.”

மதினி “அவருதான்” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்த மற்ற ஐந்து தாளையும் முதல் முறையாகப் படித்தேன். உன் முதல் தாள் அது. வரிக்கு வரி.

அடுத்த வெள்ளி கண்ணாடி டம்ளர் வந்தது. அதற்கடுத்த வெள்ளி, இராத்திரியெல்லாம் பூட்ஸ் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது வந்தது. வாரம் ஒரு தாள், வரிசை மாறாமல். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது வெள்ளிக்கிழமை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஊர் கூடி நிற்க, அந்த மரத்தடியில், பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அது விழும். மதினியைத் தடுக்கலாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் தாளைச் சொல்லவேண்டும். நீ ஒனக்கு மட்டுந்தான் என்று சொல்லியிருக்கிறாய். நான் என்ன செய்திருக்க வேண்டும் அண்ணே?

ஐந்தாவது வெள்ளி முடிந்த திங்கட்கிழமை காலை, சத்துணவுக் கூடத்துக்குப் போகும் வழியில் டீக்கடையில் வடை வாங்கினேன். கிழித்த அரைத் தாளில் வைத்துக் கொடுத்தார் மாஸ்டர். எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து மேலே தெரிந்தது. கோணலான எழுத்து, ஓரத்தில் கறுப்புக் கோடு. அந்த ‘ழ’வை நீ மட்டும்தான் அப்படி வால் நீட்டிப் போடுவாய்.

“இந்தப் பேப்பர் எங்க இருந்து வந்துச்சு?”

“பேரையூர்ல இருந்து ஜெராக்ஸ் கடை வேஸ்ட்டு கட்டுக் கட்டா வரும் தாயி” என்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். “அடியில ஒங்க அண்ணே பேரு இருந்துச்சு, முன்னால ஒருநா காலையில சும்மா வாசிச்சோம். சத்தியமா யாருட்டயும் சொல்லல.”

“ஊரே பேசுதே.”

“ஊரே இங்கனதான டீ குடிக்குது. தனியா யாருட்டச் சொல்ல?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். உன் தாளைக் கேட்டு அந்த பெஞ்சில் இரண்டு பேர் குடியை விட்டிருக்கிறார்களாம். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாசிக்கலாமா என்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

பெஞ்சின் கோடியில் கோடாங்கி உட்கார்ந்திருந்தார். வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். விரட்டி விரட்டிக் கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாக நின்றார்.

“எனக்கு எழுத்துக் கிடையாது தாயி. வாசிச்சத இங்கன ஒக்காந்து கேட்டதுதான். ஆனா உடுக்கைய எடுத்துட்டா, எது நான் கேட்டது எது அவரு சொல்றதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல.”

“எத்தனை தாள் வாசிச்சாங்க?”

“அஞ்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறாவதை இயந்திரத்தில் வைக்கவே இல்லை. அது என் கையோடு திரும்பி வந்துவிட்டது. ஐந்து வாரமாகப் பயந்ததெல்லாம் வீண் என்று உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். இனி என் அண்ணன் பேச்சைப் பேசக்கூடாது என்று கோடாங்கியிடம் சத்தியம் கேட்டேன். கொடுத்தார். கொடுத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

“பேசல. ஆனா அவரு போகாம நிக்கிறாரு தாயி. போன வாரத்துல இருந்து எனக்குக் காதுக்குள்ள போன் மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுத்துப் பாத்தா யாரும் கூப்புடல.”

ஐந்து தாளிலும் போன் என்ற சொல்லே கிடையாது அண்ணே. வீட்டுக்கு வந்து மூலத்தை எடுத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கிடையாது.

ஆறாவது வெள்ளி கோடாங்கி உடுக்கையைத் தொடவில்லை. “இனி வரமாட்டாரு, போங்க” என்றார். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது மதினி, “நீதான நிப்பாட்டுன?” என்றாள்.

நான் ஜெராக்ஸ் கடையைச் சொன்னேன். வடைத் தாளைச் சொன்னேன். ஆஸ்பத்திரி என்று இழுத்தேன். “அது மொத வாரமே புரிஞ்சுபோச்சு” என்றாள்.

“கடேசித் தடவ போன எடுத்தாரு” என்றாள் மதினி.

எந்தப் போன் என்று நான் கேட்கவில்லை.

“எடுத்தாரு. பேசல. மூச்சு மட்டும் வந்துச்சு. பிள்ள போயிட்டான்னு சொன்னேன். மூச்சு நின்னுச்சு, பெறகு வந்துச்சு. அம்புட்டுத்தான், கட்டாயிருச்சு. மறுநா டவர் இல்லைன்னாரு. போன்ல வாடை வராதுன்னு நெனச்சாரு போல. அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? எடுத்ததே அவருக்கு ஞாபகம் இல்லைன்னு பெறகுதான் புரிஞ்சுச்சு. கேட்டா உசுர விட்டுருவாருன்னு கேக்கல.”

“பெறகு எதுக்கு மதினி அஞ்சு வாரமும் போனீங்க?”

“ஒருக்கா அவரு வாயால சொல்லுவாருன்னுதான். நீ அத நிப்பாட்டிட்ட.”

பயந்தது நான், காத்திருந்தது அவள். உனக்காகக் காக்கிறேன் என்று நினைத்து, நீ சொல்ல வேண்டியவளிடம் போகவிடாமல் வழியில் நின்றது நானேதான். அண்ணே, நான் அழுதேன். உன் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை.

உறையை எடுத்து வந்து மதினி கையில் கொடுத்தேன். அவள் மற்றதை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஆறாவது தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமாக வாசித்தாள். அவளுக்கு மனசுக்குள் வாசித்துப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு வரி வாசித்தாள். நிறுத்தினாள். “ம்” என்றாள். அடுத்த வரி. “ம். சொல்லுங்க.” போனில் எதிர்ப்பக்கம் ஆள் இருக்கும்போது சொல்வோமே, அந்த ‘ம்’. வரிகள் தீர்ந்துபோயின. அவை நாலைந்து வரிகள்தானே? ஆனால் ‘ம்’ தீரவில்லை. நீண்ட இடைவெளி விட்டு, யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல, வந்துகொண்டே இருந்தது. பிறகு அவள் ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் எழுந்து வாசலைத் தாண்டிக் கம்மாய்க் கரை வரை நடந்து போய்விட்டேன். திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தது. மதினி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் உனக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எந்தக் காலத்திலும் கேட்க மாட்டேன். ஆபீஸ் கேட்டாலும், ஊர் கேட்டாலும், கோடாங்கி மேல் ஏறி நீயே வந்து கேட்டாலும், எனக்குத் தெரியாது என்று சொல்வேன். அது உண்மையாகவும் இருக்கும். இந்த ஒன்றையாவது உனக்காக ஒழுங்காகக் காப்பேன்.

நீ ஒருத்தியிடம் மட்டும் சொன்னதை ஊருக்கு வடை மடிக்கக் கொடுத்துவிட்டு வந்த,
உன் உடன்பிறந்தாள்,
பாப்பா