குழந்தை அறைக்கு எந்த பல்பு

அக்ரஹாரம், மைசூர்
12.1.1996

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. சாமுண்டித் தாய் கருணையில் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் செல்லமும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ரயில் ஏறவே கூடாது என்று உன் டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராமல் ராஞ்சியிலேயே கிடக்கிறாயே. உன் மாமியார் நல்லவர்தான், ஆனாலும் நான் பக்கத்தில் இல்லையே.

குழந்தை அறைக்கு மஞ்சள் பல்பா டியூப் லைட்டா என்று கேட்டிருந்தாய். மஞ்சள் பல்புதான் பிஞ்சுக் கண்ணுக்கு இதம் என்கிறாராம் மாப்பிள்ளை. போன மாதம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன், டியூப் லைட் போடு. காரணத்தைக் கேட்டுப் பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது.

அண்ணி அஷ்வினிக்குப் பையன் பிறந்ததை மட்டும்தான் போனில் சொன்னேன், பிறகு நடந்ததை நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. அவள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குளிர்க்காற்று படாமல் ஜன்னலைச் சாத்தி, சேலையைத் தொங்கவிட்டு, நாற்பது வாட் மஞ்சள் பல்பைப் போட்டோம். குளிப்பாட்ட வந்த பக்கத்து வீட்டு நஞ்சம்மா பங்காரா, பங்காரா என்று கன்னடத்தில் தங்கமே தங்கமே என்று கொஞ்சினாள். நம் வீட்டில் இப்படி ஒரு நிறமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்றாள் அஷ்வினி, சமர்த்துப் பிள்ளை என்றேன். குளிப்பாட்டும்போது பூசிய மஞ்சள்தான் உடம்பில் ஒட்டியிருக்கிறது என்றாள் நஞ்சம்மா, அதற்கும் ஆமாம் போட்டேன். ஒருநாள் காலையில் அந்த பல்பு பியூஸ் போயிற்று. வேறு பல்பு இல்லாததால் உன் அண்ணன் சுரேந்தர் முணுமுணுத்துக்கொண்டே கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிவந்து அங்கே மாட்டினான். அது மினுக்கி மினுக்கி எரிந்ததும், குழந்தை கண்ணைப் பாருடி, கண்ணுக்குள்ளேயுமா மஞ்சள் பூசினீங்க என்றார் உன் அப்பா.

குழந்தையை வாரியெடுத்தேன். ஆட்டோவில் ஓடினோம். மஞ்சள் காமாலை, இன்னும் விட்டிருந்தால் மூளையைத் தாக்கியிருக்கும் என்று டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். காமாலை இறங்குவதற்காகக் கண்ணைத் துணியால் மூடி நீல விளக்குக்குக் கீழே வெற்றுடம்பாய்ப் படுக்கவைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அஷ்வினி என் தோளில் சாய்ந்து அழுதாளே தவிர, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் கண்ணே, ராத்திரி பால் கொடுக்க ஜீரோ வாட் வேண்டுமானால் வைத்துக்கொள், டியூப் லைட்டும் கட்டாயம் இருக்கட்டும். அதையும்விடப் பகல் வெளிச்சம் முக்கியம். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து குழந்தையின் கண் வெள்ளையைப் பார், கொஞ்சம் மஞ்சள் தெரிந்தாலும் யாரையும் யோசனை கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. பூசுமஞ்சள் வேண்டவே வேண்டாம், மாமியார் கேட்டால் என் பேரைச் சொல்லிவிடு.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், தாயும் பிள்ளையும் தனித்தனியாய் நல்லபடி பிழைத்தெழ வேண்டும். பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான். தங்க நிறமெல்லாம் எங்கே போயிற்றோ, உன் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. டியூப் லைட்டுக்குக் கீழே மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.

உன் அம்மா,
சுலோசனா வேலாயுதம்