சுவரில் ஒரே ஒரு பிளக் பொயின்ற்

புளத்கொகுபிட்டிய,
18.10.2009

அன்புள்ள ரதி,

நீரும் மகன் கிரிசாந்தும் யாழ்ப்பாணத்தில் நல்ல சுகத்தோடு இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். தோட்டக் கந்தோரில் இருக்கிற இன்டர்நெற் இப்போது என் குவாட்டர்ஸுக்கும் வந்துவிட்டது, கரண்ட் வயர் வழியாகவே! கொழும்பில் இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கி, ஒன்றைக் கந்தோரிலும் மற்றதை இங்கேயும் கொளுவினேன். இரண்டு இடத்துக்கும் ஒரே மீற்றர் என்பதால் சரிவருமென்று எனக்கு முதலே தெரியும். முதல் நாள் மல்டி பிளக்கில், தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கிற கேத்தலோடு சேர்த்துக் கொளுவியதால்தான் வேலை செய்யவில்லை. நேரே சுவரில் கொளுவியதும் பிடித்துக்கொண்டது.

ஆனால் சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக் பொயின்ற். கேத்தலுக்கு இடமில்லை. பெட்டியைக் கழற்றிய நேரம் பார்த்து நீர் ஸ்கைப்பில் கூப்பிட்டுவிட்டால்? அதனால் நான் அதைத் தொடுவதே இல்லை. “தேயிலத் தோட்டத்துல இருந்துகிட்டு பச்சத்தண்ணி குடிக்கிற ஆளு நீங்க ஒருத்தருதாங்க ஐயா” என்று கந்தோர்க் காவலாளி மூக்கையா சிரிக்கிறார்.

வறுத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். நேரம் கிடைக்கிற ஒரு பின்னேரம் கிரிசாந்தையும் கூட்டிக்கொண்டு உம்முடைய தம்பியின் நெற் கபேக்குப் போம். பல் விழுந்த வாயை அவன் எனக்குக் காட்டட்டும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். கெதியாகக் கூப்பிடும், ரதி. உங்கள் இருவர் முகத்தையும் பார்த்த பிறகுதான் நான் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

உம்முடைய,
உருத்திரமூர்த்தி