அவருக்கு எந்தத் துப்பாக்கி

ஐப்பசி மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி

காமாட்சி தாயே, துப்பாக்கி வாங்கப் போறப்பவும் உன்னைக் கும்பிட்டுத்தான் பஸ் ஏறினேன். போன வருசம் திருப்புட்குழி ரோட்டுல ரெண்டு பேரு எங்க வீட்டுக்காரரை மடக்கி, பட்டுப்புடவை வித்த பணத்தைப் புடுங்கினதுலேர்ந்து, அவரு வெளியூர் போனா எனக்குச் சோறு எறங்கறதில்ல. இப்பதான் லைசென்ஸ் வந்துது. இன்னிக்கு மெட்ராசுல கடைக்காரரு ரெண்டு பிஸ்டல் எடுத்து வச்சாரு.

இவருக்குச் சின்னது மேல ஆசை. இடுப்புல சொருகிக்கினு, "பாரு, வெளியவே தெரியல"ன்னாரு. பெருசைச் சொருகினா ஜிப்பா தூக்கிக்கினு நின்னுது. "தேங்கா திருடிக்கினு போறான்னு ஊரு சிரிக்கும்மே"ன்னாரு.

நான் விடல. "சின்னதைப் புடிச்சா உங்க சுண்டு விரலுக்கு எடமே இல்லீங்க, அந்தரத்துல தொங்குது"ன்னேன். கடைக்காரரும், "அம்மா சொல்றது சரி. சின்னது சுடறப்ப கையில துள்ளும். புதுசா பழகறவங்களுக்குப் பெருசுதான் நல்லது"ன்னாரு. பெருசையே எடுத்தோம்.

பஸ்சுல வர்றப்ப மெதுவா கேக்கறாரு, "ஏம்மே, மேல பாத்து சுட்டா போதும் இல்ல?"

"போதுங்க"ன்னேன்.

சுண்டு விரலு எல்லாம் வாய்க்கு வந்த காரணம். இந்த மனுசன் ஒரு ஆளைப் பாத்து சுடவே மாட்டாரு. சின்னதை மறைச்சி வச்சிக்கினா, எடுத்து சுட்டாத்தான் உண்டு. பெருசு தூரத்துலயே தெரியும், எவனும் கிட்ட வர மாட்டான். நான் எடுத்தது சரிதான்.

வர்றவனும் கொஞ்சம் பயந்தவனா இருக்கணும், தாயே.