வேலியில் விட்ட கடப்பு

2025 மார்ச் 3

மகள் காய்ச்சலோடு சுலோஜனா அக்கா வீட்டில். நான் களுவாஞ்சிக்குடியில், கணினிக்குள் ஒரு கிராமத்துக்கு ஓடு வேய்ந்துகொண்டு. எந்த நாட்டுப் படை இதற்குள் பயிற்சி எடுக்கப் போகிறது என்று கொம்பனி நடத்துகிற றம்ஸீன் சேர் சொல்வதில்லை. வாவிக்கரை, வயல், வீடுகள் — சனம் வாழ்கிற மாதிரி இருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் இப்படியான கொம்பனி இது மூன்றாவது. கம்பசில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேலை கேட்டு எழுதுகிறார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமானால் மகளின் அப்பா தினுஷன் கட்டார் வேலையை விட்டு வந்துவிடுவார். அதை நினைத்துத்தான் பஸ் ஏறுகிறேன்.

மார்ச் 11

செய்த கிராமத்தை வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலிகளில் ஓட்டையாம், பிழையாம். எனக்குச் சிரிப்பு. பழுகாமத்தை, எங்கள் ஊரை, நினைத்துச் செய்ததில் கை தானாகவே வீட்டு வளவுக்கு வளவு, ஆள் புகுந்து போகிற அளவுக்கு, வேலியில் கடப்பு விட்டிருக்கிறது. விளக்கி எழுதினேன்: இங்கே வீடு பெண்பிள்ளைகளுக்குச் சீதனம். அக்காவும் தங்கையும் பக்கத்து வளவுகளில் இருப்பார்கள். கறியும் பிள்ளையும் தெருவால் அல்ல, கடப்பால்தான் போய்வரும். அவசரமென்றால் ஊரே அதால் வாவிக்கரைக்குப் போய்விடும்.

கடைசி வரியை ஏன் எழுதினேன்? கெட்டிக்காரி என்று காட்டவா?

மார்ச் 19

அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம். எல்லா வேலியிலும் கடப்பு வேண்டுமாம். சேர் கேக் வெட்டினார். "உங்கட நிரந்தர வேலைக் கடிதம் ரெடியாகுது தங்கச்சி. மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க."

தினுஷனிடம் சொன்னேன். சித்திரை வருசத்துக்கு வாறன் என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அழுதிருப்பார்.

மார்ச் 27

பயிற்சி வீடியோ காட்டினார்கள். படை வருகிறது, வீடுகளுக்குள் போகவில்லை. ஒவ்வொரு கடப்புக்கும் பின்னால் குந்திக்கொண்டு காத்திருக்கிறது. சனம் ஓடி வருகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நான்? தட்டினேன்.

பின்னேரம் மகளை எடுக்கப் போனேன். "என்னகா முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றாள் அக்கா. சொன்னேன். சண்டைக் காலத்தில், படை ஊருக்குள் வந்த அன்று, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடப்பால் ஓடியவள் அவள். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அண்டைக்கு அதுக்குப் பின்னால ஆக்கள் நிண்டிருந்தா, நீயும் இல்ல, நானும் இல்ல."

மார்ச் 28

கடப்புகளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சேர் கோபப்படவில்லை. "நீங்க எடுத்தா கல்லடியில புதுசாக் கொம்பனி திறந்தவங்க போடுவாங்க. இனி அது தெரிஞ்ச விசயம்தானே."

அதுதான். தெரிந்த விசயம். ஆரால?

மார்ச் 29

நித்திரை இல்லை.

ஏப்ரல் 2

கடிதத்தை மேசையில் வைத்தார்கள். பேனையை எடுத்தேன், வைத்தேன், கையெழுத்துப் போடாமலே எழும்பி வந்துவிட்டேன். இதனால் ஆருக்கு என்ன? அந்தக் கிராமம் அங்கேயேதான் இருக்கிறது, என் கடப்புகளோடு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

ஏப்ரல் 16

கொம்பனிக்கு மேல்மாடி கட்டுகிறார்களாம், இன்னும் ஆள் எடுக்க.

தினுஷன் அடுத்த ஒப்பந்தத்துக்கு ஓம் சொல்லிவிட்டார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "சரி, விடு புள்ள. மகளிட்டக் குடு" என்றார்.

சித்திரை வருசத்துக்கு அப்பா வருவார் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் நித்திரை என்று அவரிடம் சொன்னேன். அவள் என் மடியில் இருந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.