அப்பா குரலில் வெள்ள எச்சரிக்கை

என் கண்ணு குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் சாப்பிடுகிறேன், தூங்கப் பார்க்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், நீயாவது அங்கே நன்றாக இரு. போனில் பேசினால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், சொல்லவந்தது அப்படியே நின்றுவிடும். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அப்பாவிடம் சொல்ல முடியவில்லையே என்று மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஆராய்ச்சி எங்கேயும் ஓடிப்போகாது.

சனிக்கிழமை காலை உன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து தெருக்கோடி ஸ்பீக்கரைச் சோதித்தார்கள். தெரிந்த குரல் கூப்பிட்டால்தான் ஜனங்கள் வெள்ளத்துக்கு முன்னால் கிளம்புவார்கள் என்று நீதானே கண்டுபிடித்தாய், பஸ் கண்டக்டர் தொண்டை ஊருக்கே தெரிந்த தொண்டை என்று அப்பாவையே பேசவைத்துப் பதிந்தாய். வந்தவர்கள் புதுசு, அது யார் குரல், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, பாவம், திட்டாதே. அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். தண்ணி வருது, சாமான் கிடக்கட்டும், அடுப்ப அணைச்சிட்டுப் பள்ளிக்கூட மாடிக்கு ஏறு, ஏறு ஏறு என்று அவர் கூப்பிடுகிறார். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது, போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன். முன்பெல்லாம் ஒத்திகையில் அந்தக் குரலுக்குத் தெருவே சிரித்துக்கொண்டு மாடி ஏறும், அவரும் பின்னாலேயே வந்து படியில நிக்காதே, உள்ள போ என்று விரட்டுவார். அன்றைக்கு ஒருத்தரும் ஏறவில்லை. தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், கணக்கு வாத்தியார் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். நானும் நின்றேன், இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று. உள்ளே வெங்காயம் கருகிப் புகை வந்த பிறகுதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தால் தெருவே அழுதுகொண்டு நின்றிருக்கும், ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டோம்.

அதனால் அந்தக் குரலை எடுத்துவிடு கண்ணு. அண்ணன் இருக்கிற மாதிரி இருக்குக்கா, அத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க என்று தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஆசையில்லையா? அவர் குரல் வேறு எதிலும் இல்லை. ஆனால் அவர் ஏறச் சொன்னார், நிற்கச் சொல்லவில்லை. இனி வாத்தியாரைப் பேசவை, பாதித் தெரு அவரிடம் அடிவாங்கிப் படித்ததுதான், ஓட்டமாய் ஓடும். அப்பா பேசியதை என் போனுக்கு அனுப்பிவிடாதே, அப்புறம் நான் வேறு எதற்கும் ஆகமாட்டேன்.

நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே, எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒருமுறை போடச் சொல். இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டு, எங்கேயும் நிற்காமல் மாடி ஏறிவிடுகிறேன்.

உன் அம்மா