ரிஃபாயாவின் பன்னிரண்டடிப் புல்

மார்ச் 3, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை பெய்து ஐந்து வாரம். பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் நூல் மாதிரி. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது.

முற்றத்து மலேசியன் புல் காய்ந்துவிட்டது. குற்றவாளி நான்தான். போன மாதம் அழகு பார்த்து ஒட்ட வெட்டினேன். மண்ணுக்கு நிழல் இல்லாமல் வேர் வெந்துபோயிற்று. முப்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவன் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. மனைவி ரிஃபாயாவுக்குப் பாரிசவாதம் வந்து நாலு மாதம். கை தேறிவிட்டது. இடது காலைத் தூக்குகிறாள், வைக்கிறாள், ஆனால் பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிளினிக்கில் நடைப்பயிற்சி கொடுக்கும் மிஸ் சொன்னது: காலையில் வெறுங்காலோடு புல்லில் நடக்கட்டும், பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும், நடந்தபின் பாதத்தைப் பார்க்கவேண்டும். சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்ததிலிருந்து அதில் அவளுக்குப் பயம். புல்லில் மட்டும்தான் துணிந்து கால் வைக்கிறாள். புல் முள்ளாகிவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

முழு முற்றத்தையும் காப்பாற்ற வழியில்லை. படியிலிருந்து ஜம்பு மரம்வரை மட்டும். பன்னிரண்டு அடி நீளம், மூன்று அடி அகலம். டேப் பிடித்து அளந்து நூல் கட்டினேன். மற்றதைக் கைவிட்டாயிற்று.

தம்பி நியாஸ் வந்து பார்த்தான். அடுத்த வீடு, கிணறு இருவருக்கும் பொது. குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் புல்லுக்கு ஊற்றுவது பாவம் என்றான். நோன்பு வைத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவன் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் கோபம் கூடுதல்.

மார்ச் 4, புதன்

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் யோசனை வந்தது. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுளு செய்கிறோம். அந்தத் தண்ணீரெல்லாம் குசினிப் பின்பக்கச் சாக்கடைக் கானில் ஓடி யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

ஒரு பிளாஸ்டிக் கதிரை. ஒரு கேத்தல். இனிமேல் வுளு புல் ஓரத்தில். கதிரை நகரும்: விடியல் சுபஹுக்குப் படியடி, நடுப்பகல் லுஹருக்கு இரண்டடி தள்ளி, இரவு இஷாவுக்கு மரத்தடி. லுஹர் தண்ணீர் பாதி வீண், வெயில் முந்திக்கொள்கிறது. சுபஹுத் தண்ணீர்தான் வேருக்கு இறங்குகிறது.

ரிஃபாயாவுக்கும் அங்கேயே. நோன்பு பிடிக்க முடியவில்லை என்ற கவலை அவளுக்கு, தொழுகையை விடமாட்டாள். நான் கேத்தலைப் பிடித்தேன். வலது கால் முடிந்தது. இடது காலில் மூன்று தரம் ஊற்றித் தேய்த்துவிட்டேன். ஜம்புக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"இடது காலுக்கு ஊத்திட்டீங்களா?"

ஊற்றியாயிற்று என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். பலாபத்வல ரோடு முழுக்கத் தூசி. தொப்பியே நிறம் மாறிவிட்டது.

மாலை அஸருக்கு நியாஸ், அவன் மனைவி, மூன்று மகள்மார். ஆளுக்கொரு கேத்தல் கையில். ஒவ்வொருவராகக் கதிரையில் உட்கார்ந்து வுளு செய்துவிட்டு எழும்பினார்கள். கடைசியாக நியாஸ் இந்த அண்ணனைப் பார்த்து, "கானுக்குப் போற தண்ணிதானே, நானா" என்றான்.

ஏழு பேர், ஐந்து வேளை. மாத்தளையில் வேறெந்தப் புல்லுக்கு இந்த பரக்கத், இந்த அருள்?

தேநீர் கொடுக்கக்கூட வழியில்லை, எல்லோரும் நோன்பு. அவர்களுக்காக மனதுக்குள் துஆ கேட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும்.

நேற்று மாலை பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி. தேங்காய்ப்பால், இறைச்சி, நல்ல கொழுப்பு. சட்டி கழுவிய தண்ணீரையும் வீணாக்கக்கூடாது என்று மரத்தடிப் புல்லில் ஊற்றினேன். அரிசித் தண்ணீர், உரம் என்று நினைப்பு.

காலையில் ரிஃபாயா என் தோளைப் பிடித்து மரம்வரை நடந்தாள். அங்கே நின்று கொழும்பிலிருக்கும் மகளைப் பற்றிப் பேச்சு. பெருநாளுக்கு வருவாளா, எத்தனை நாள் நிற்பாள். நடுவில் வலது காலை ஒருமுறை உதறினாள். குனிந்து பார்த்தேன். இடது பாதம் முழுக்கச் சிவப்பெறும்பு. விரலிடுக்கெல்லாம். அவள் இன்னும் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். எந்த வயதில் எந்த வேலை. தண்ணீர் ஊற்றித் துடைத்த பிறகுதான் அவள் பாதத்தைப் பார்த்தாள். சிவந்து தடித்திருந்தது.

"எனக்கு ஒன்னும் தெரியல்லயே. வேற யார்டயோ கால் மாதிரி ஈக்குது."

அழுதாள். நானும்.

மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்தேன். வீக்கம் வடியும்வரை நடை வேண்டாமாம். எனக்கு நல்ல ஏச்சு. தகும்.

மார்ச் 11, புதன்

வீக்கம் வடிந்துவிட்டது. மரத்தடியைக் கழுவி, மஞ்சள்தூள் தூவி, எறும்பும் போய்விட்டது. படிப் பக்கம் புதுத் துளிர், நகக்கண் அளவு. கத்தரிக்கோலை நியாஸ் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லி.

ஆனால் ரிஃபாயா இறங்கமாட்டேன் என்கிறாள். மூன்று நாளாகக் கட்டில், கதிரை, கட்டில். இப்படியே உட்கார்ந்துவிடுவாளோ. இத்தனை பேர் வுளுவில் வளர்ந்த புல் யாருக்கு?

நியாஸுக்கு எப்படித் தெரிந்ததோ. செருப்பைக் கழற்றிவிட்டு, சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பருத்த உடம்போடு படியிலிருந்து மரம்வரை போய், திரும்பி வந்தான். ஒவ்வொரு அடிக்கும் நின்று பார்த்து.

"மதினி, ஒரு எறும்பும் இல்ல. இருந்ததும் நசுங்கியிருக்கும்."

ரிஃபாயா சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் தரம். ஆறடி நடந்தாள்.

இவனையா அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மார்ச் 14, சனி

மேகம் வந்தது, போயிற்று. ஜம்புவில் பூ. பல் வலி கொஞ்சம்.

காலை நடை. தோள் வேண்டாம், பக்கத்தில் வந்தால் போதும் என்றாள். படி, துளிர், நடு, மரம். மரத்தடியில் நூல் அறுந்து கிடந்தது. அவள் மரத்தைப் பிடித்து நின்றாளே என்று நான் குனிந்து முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்தபோது ஆள் அங்கே இல்லை. நூலைத் தாண்டி, காய்ந்த பக்கத்தில், மூன்றடி தள்ளி நின்றாள்.

கத்திவிட்டேன். அவள் திரும்பவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துது."

எந்தக் கால் என்று கேட்டேன். கேட்கவே பயம்.

"ரெண்டும்."

கதிரையைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். காயமில்லை. கண்ணை மூடச் சொல்லி, காய்ந்த புல் ஒன்றால் இடது பாதத்தைத் தொட்டேன். குதிகால், தெரியவில்லை. நடுப்பாதம், தெரியவில்லை. பெருவிரலுக்குக் கீழே தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள்.

போனில் மிஸ் சொன்னது: நல்ல அறிகுறி, மெதுவாகத்தான் வரும், தினம் பாதத்தைப் பார்ப்பதை விடவேண்டாம்.

அல்ஹம்துலில்லாஹ். பச்சைக்காக இவ்வளவு பாடுபட்டேன். கைவிட்ட புல்லிலிருந்து உணர்ச்சி வந்தது.

அவள் நின்ற அதே இடத்தில் தலையைத் தரையில் வைத்து, நன்றிக்கு ஷுக்ர் ஸஜ்தா செய்தேன். நெற்றியில் நன்றாகக் குத்தியது.