பாவாயிக்கு நான் சொன்ன பத்தியம்

யுவ வருஷம், ஆனி 4, செவ்வாய்

காற்று மட்டும். மழை இல்லை. காலையில் பதினாறு மருந்துச் சீசாக்களுக்கு, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் குறிக்காகிதம் ஒட்டினேன். பசை நாற்றம் இன்னும் விரலில்.

அண்ணனிடம் வைத்தியத்துக்குச் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பாவாயி என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். வயிற்றில் கட்டி. காலம் கடந்துவிட்டது, ஒரு மாதம் தாண்டாது என்று கணவரிடம் தனியே சொன்னார் அண்ணன்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி. மருந்துன்னு எதாச்சும் குடுங்க. வெறுங்கையோட ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போக முடியாதுங்க."

சர்க்கரைத் தண்ணீர், சிவப்புச் சாயம், கொஞ்சம் ஓமத்தண்ணீர். கலக்கியது நான்.

அண்ணன் சாப்பிடப் போனதும் பாவாயி என்னிடம் வந்தாள். "பத்தியம் என்னங்க அம்மிணி?"

இல்லை என்றேன். முகம் சுண்டிவிட்டது. "பத்தியமில்லாம அதென்ன மருந்துங்க?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். புளி ஆகாது. கத்திரிக்காய் ஆகாது. பிரயாணம் ஆகாது. ஒரு மண்டலம். உடனே அவளுக்குத் தெம்பு.

ஆனி 8, சனி

வாங்க: பஞ்சு, தக்கை, மண்ணெண்ணெய்.

புத்தகத்தில் மனம் ஓடவில்லை. அவளுக்கு நல்லதுக்குத்தான் என்று சமாதானம். ஆனால் அது என் வயிறாக இருந்தால்? என்னிடம் மறைத்தவர்களை மன்னிப்பேனா? மாட்டேன்.

ஆனி 12, புதன்

அடுத்த சீசாவுக்குக் கணவர் மட்டும். பரமத்தி வேலூரில் மகளுக்குப் பெண் குழந்தை. தலைப்பிரசவம். தாய் படுத்துக் கிடப்பதால் மாமியார் வீட்டிலேயே. பிறந்து மூன்று நாள்.

"பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வரலாம் வா புள்ளேன்னா, அம்மிணி பிரயாணம் ஆகாதுன்னு சொல்லீருக்குதுங்கறா. மண்டலம் முடியட்டுமாம்."

மண்டலம் முடிய நாற்பது நாள். அவளுக்கு மூன்று வாரம். பச்சையுடம்புக்காரியை இங்கே அனுப்பவும் மாட்டார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "பத்தியத்தை எடுத்துவிடு. வேறொன்றும் பேசாதே" என்றார்.

ஆனி 13, வியாழன்

வண்டி கட்டி அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இளைத்துவிட்டாள்.

"புளி ஒரு சொட்டு நாக்குல படலீங்க."

பத்தியம் போதும், எதையும் சாப்பிடலாம், ஊருக்கும் போகலாம் என்றேன்.

பக்கத்திலிருந்த அவள் நாத்தனார் சிரித்தாள். "இனி ஒரு கூடை கத்திரிக்காயத் திம்பா, பாருங்க!"

பாவாயி சிரிக்கவில்லை. "எங்கப்பனுக்கும் வைத்தியரு இப்படித்தானுங்க சொன்னாரு. ஆசப்பட்டதக் குடுங்கன்னு. அஞ்சாம் நாளு எடுத்துட்டோம்."

கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

"மருந்து ஒடம்புக்குக் கேக்கலீங்களா அம்மிணி?"

அது மருந்தே இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியம் நானாகச் சொன்னது என்பதையும்.

சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எம்மவளுக்கு வலி கண்டப்ப அம்மான்னு கத்தீருப்பாளேங்க. நா இங்க மருந்து குடிச்சுட்டுக் கெடந்தனே."

வந்து அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம்.

ஆனி 14, வெள்ளி

வேலூர் பஸ்ஸுக்காகப் பாவாயியும் கணவரும் இங்கே நாமக்கல்லுக்கு வந்தார்கள். பஸ் நிற்குமிடத்துக்குச் சீசாவோடு போனேன். அபின் கலந்தது, வலிக்கு. அண்ணன் தன் கையால் கலந்தார்.

வாங்கி முகர்ந்தாள். "இதாச்சும் மருந்துங்களா?"

சத்தியமாக என்றேன்.

"சரிங்க." என் முகத்தைப் பார்க்கவில்லை. கணவர் கைத்தாங்கலாக ஏற்றினார். பெண்கள் இடம் விட்டார்கள். பஸ் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன். சீசா நிறுத்தத்துப் பெஞ்சிலேயே.

எடுத்துக்கொண்டு ஓடினேன். புழுதிதான்.